முன்னால் கிடக்கும் தென்னை

சாய்ந்தமருதுக்குத் தெற்கே, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. கரையில் வரிசையாக நின்று, கடலில் விரித்த கரைவலையைக் கயிற்றால் இழுக்கிறார்கள். கயிற்றோடு பின்னோக்கி நடந்துவரும் கடைசி ஆள், முதுகு தென்னையில் பட்டதும் "தென்னை!" என்று கத்திக் கயிற்றை விட்டு, முன்னால் அலையோரம் ஓடி மறுபடி பிடிப்பதுதான் இங்கே வழக்கம். பள்ளி விடுமுறைகளில் நானும் இழுத்திருக்கிறேன். அலையிலிருந்து தென்னைவரை எட்டு வைத்து எண்ணினால் அறுபது என்று என் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது.

இன்று கயிற்றைப் பிடித்தால், பதினைந்தாவது எட்டிலேயே கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல் என் முதுகில் இடிக்கிறது.

"தென்னை எங்க மச்சான்?" அன்று என்னோடு இழுத்த மீராசாவைக் கேட்கிறேன். வலை இப்போது அவருடையது.

"நீ பின்னுக்குத் தேடுறாய். அது முன்னுக்கெல்லோ கெடக்கு!"

அலை விலகும்போது, கடலுக்குள் சாய்ந்த அடிமரம் தெரிகிறது.

தெற்கே கட்டிய துறைமுகத்துக்குக் கப்பல் வர வாய்க்காலைத் தோண்டத் தோண்ட, கடலோடு வடக்கே வரும் மண் அங்கேயே நின்றுவிடுகிறதாம். "இங்கால கரைய கடல் தின்னுது. முப்பது பேர் நிண்ட கயித்துல இப்ப பத்துப் பேருக்குத்தான் இடம். வலை வாறத்துக்குள்ள மீன் போயிரும். இன்னும் கொஞ்சம் அரிச்சா வலைய சுருட்ட வேண்டியதுதான்" என்கிறார் மீராசா.

கடைசியில் நிற்பவரின் முதுகு கல்லில் முட்டுகிறது.

"தென்னை!" என்று கத்திவிட்டு அவர் கயிற்றை விடுகிறார்.