அண்ணையின் கடையைத் தாண்டி

உடுப்பிட்டிச் சந்தியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. மூன்று வருடமாக நான் அந்தக் கடைப்படி மிதிக்கவில்லை. காற்று அடிப்பதென்றால்கூட நெல்லியடிக்குப் போனேன். ஏனென்றால் அது என் அண்ணையின் கடை.

நானும் அண்ணையும் கதை பேச்சில்லை. காரணத்தைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். என் மகளின் கல்யாணத்துக்கு நானும் மனைவியும் அண்ணை வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அலைச்சலில் அழைப்பிதழை மனைவியின் தம்பி கையில் கொடுத்தனுப்பிவிட்டேன். நாள் குறித்ததே அண்ணையோடு கூடியிருந்துதானே, சொந்தத் தமையனுக்குப் போய் என்ன சொல்லுதல் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. அவர் மனைவி, என் மச்சாளும் வரவில்லை. மணவறைக்குப் பக்கத்தில் பெரியப்பா நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். எனக்கு ஏறிய கோபத்தில், கல்யாணமோ செத்தவீடோ, இனி அவர்கள் வீட்டு நன்மை தின்மைக்கு நாங்கள் இல்லை என்று பந்தலிலேயே சொல்லிவிட்டேன். அது அவர் காதுக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம்கூட எடுத்திருக்காது.

அதற்குப் பிறகு நான் சைக்கிள் கடை தேடி அலைந்தது பெரிய கூத்து. நெல்லியடியில் கண்ணாடி அலுமாரி வைத்த கடை ஒன்று. அங்கே சக்கரக் கம்பி ஒன்று அறுந்தாலும் சில்லையே மாற்றச் சொல்வார்கள். பொலிகண்டிப் பக்கம் இன்னொன்று. அந்த மனிதருக்கு வேலை தெரியும், ஆனால் கடை என்றைக்குத் திறப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் மனைவியிடம் ஒரு நியாயம் சொல்வேன். அங்கே சாமான் திறம் என்பேன், இங்கே கெதியாகச் செய்து தருவார்கள் என்பேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் ரோசத்துக்குச் சைக்கிளையும் ஏன் நடக்க வைக்கிறேன் என்று கேட்பாள். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

உண்மை என்னவென்றால், அண்ணையைப்போல் சில்லுக் கட்ட இந்தப் பக்கத்தில் ஆளில்லை. கோணல் ரிம்மைச் சுற்றிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, கம்பி கம்பியாக இறுக்கியும் இளக்கியும் அதை நேராக்கிவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போகாமல் இருந்தேன். முதலில் அவர் கதைக்கட்டும் என்று இருந்தேன்.

போன மாரியில் ஒரு பின்னேரம் மழைக்குள் சந்தியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ரோட்டில் வெள்ளம் தேங்கி நின்றதால் பள்ளம் தெரியவில்லை. முன்சில்லு இறங்கியதும் சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழும்பிப் பார்த்தால் ரிம் பொரித்த அப்பளம்போல் நெளிந்திருந்தது. நாலைந்து கம்பிகள் அறுந்து தொங்கின. நிமிர்ந்தால் எதிரே அண்ணையின் கடை. அந்தப் பள்ளத்துக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று வயிறெரிந்தேன்.

அண்ணை எழும்பி வாசலுக்கு வந்தார். கையைத் துணியில் துடைத்தார். கடையில், ரியூபுக்கு ஒட்டுப் போடக் காத்திருந்த ஒரு கிழவரைத் தவிர யாருமில்லை. அண்ணை என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கிழவரைப் பார்த்துச் சொன்னார்.

"உந்தச் சில்லோடை உருட்டினால் ரயரும் போயிடும். கழட்டித் தந்தால் அரை மணித்தியால வேலை. முழங்காலிலை ரத்தமும் வருது."

எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டவர்கள் இப்படித்தான் கதைப்பார்கள். பார்ப்பது ஒருவரை, சொல்வது இன்னொருவருக்கு. ஆளில்லாவிட்டால் வேலிக்கோ ஆட்டுக்கோ சொல்வார்கள். கேட்க வேண்டியவருக்குக் கேட்டுவிடும். அவருக்கு மனமிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லலாம், கோபம் அப்படியே ஆறிவிடும். சின்ன வயதிலிருந்தே எனக்கு இது தெரியும். ஆனால் அன்றைக்கு என் பாழாய்ப்போன வீம்பு, எனக்குச் சொல்லவில்லையே என்றது. என் பக்கம் திரும்பித் தம்பி என்று ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்றது. முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்சில்லில் உருட்டியபடி நெல்லியடி வரைக்கும் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே வழக்கம்போலச் சில்லை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன்.

இருபது நாள் கழித்து அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அது திரும்பி வருமென்று வைத்தியர்கள் சொல்லவில்லை. இப்படியானதற்கெல்லாம் யாரும் வந்து சொல்லத் தேவையில்லை, கேள்விப்பட்ட உடனே போக வேண்டும். அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் போனேன். 

மச்சாள் ஏசுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இருக்கக் கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணீர் தந்தார். பிறகு அண்ணையின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நீங்கள் விழுந்த அண்டைக்கு இவர் சாப்பிடேல்லை, தம்பி. 'நான் அவனைக் கூப்பிட்டனான், அவன் வரேல்லை' எண்டு சொல்லிச் சொல்லி அழுதவர்."

கூப்பிட்டாராம். அவரைப் பொறுத்தவரை அவர் முதலில் கதைத்துவிட்டார். நான் மூன்று வருடமாக எதற்காகக் காத்திருந்தேனோ, அது அந்தக் கடை வாசலில் நடந்து முடிந்திருக்கிறது. 

மச்சாள் அடுப்படிக்குப் போனதும் கட்டிலோரத்தில் இருந்துகொண்டு அவருடைய இடக்கையைப் பிடித்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சொன்னது என் காதில் விழவில்லை, மழைச் சத்தத்தில் விளங்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாய் வரவில்லை.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் போனனான்."

 அவர் கையை என் கைக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார்.