அயூப் பாயின் நெப்டியூன் பீரங்கி

முடிச்சூர் சாலையில் கிரில் பட்டறை வைத்திருந்த அயூபுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. மேற்குத் தாம்பரத்தில் பாதி ஜன்னல்களுக்கு அவர்தான் கம்பி போட்டிருந்தார். ஆனால் எல்லாம் ஒரே டிசைன். நடுவில் ஒரு வட்டம், நாலு பக்கமும் இலை. புதிதாக எதை வரைந்து காட்டினாலும் வீட்டுக்காரர்கள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜன்னலைக் கைகாட்டி, "அதே மாதிரி போட்டுடுங்க பாய்" என்பார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலும் அவர் போட்டதுதான். இப்படியாக அயூப் தன்னைத்தானே காப்பியடித்துப் பிழைத்துவந்தார்.

நாற்பது வயதைத் தாண்டினால் மனிதர்களுக்குச் சர்க்கரை வரும், ரத்தக்கொதிப்பு வரும். 2006-இல் அயூபுக்கு வீடியோ கேம் வந்தது. லோகு என்பவரின் பிரவுசிங் சென்டரில் ஷட்டர் மாட்டிக்கொண்டது என்று சரிசெய்யப் போனார். கால் மணி நேர வேலை. காலையில் போனவர் மாலையில் திரும்பினார். இடைப்பட்ட நேரத்தில் அவர் நெப்டியூன் கிரகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த விளையாட்டில் கதாநாயகன் கையில் ஸோர்காட் என்று ஒரு பீரங்கி. ஆள் உயரத்துக்கு முக்கால் நீளம். பக்கவாட்டில் மீன் செதில் போலத் தகடுகள், முனையில் நீல வெளிச்சம். அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு அவன் ஓடினான், தாவினான், சுவர் ஏறினான். மூச்சு வாங்கவே இல்லை. மற்றவர்கள் அவன் சுடுவதைப் பார்த்தார்கள். அயூப் மட்டும் பீரங்கியின் இணைப்புகளைப் பார்த்தார்.

"இத வரைஞ்சவன் வாழ்க்கைல வெல்டிங் ராடு புடிச்சிருக்க மாட்டான் லோகு. அந்தக் கைப்பிடி மூணு நாள் தாங்காது. பிச்சிக்கும்."

"நெப்டியூன்ல யாரு பாய் கேக்கப் போறாங்க?" என்றார் லோகு. "நாலு கஸ்டமருக்கு இரும்பு கேட்டு பாக்கி வெச்சிகினு, நீ இங்க குந்திகினு எவன் கேட்டையோ ஒடைச்சிகினு கீற. எழுந்து போ பாய், பேஜார் பண்ணாத."

எழுந்து போனார். போனவர் பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஸோர்காட்டை முழு அளவில் வரைந்தார்.

அவருடைய மனைவி பரிதா பட்டறையை ஒட்டிய வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவர். சாக்பீஸ் படத்தைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகு விஷயம் புரிந்ததும் சிரிப்பு நின்றது.

"ஏங்க, நம்ம பட்டறைல துப்பாக்கி செய்யறீங்களா? அதுவும் நம்ம பேரை வெச்சிகினு?"

"பொம்ம துப்பாக்கி பரிதா."

"பாத்தா பொம்ம மாதிரியா இருக்கு? எவனாச்சும் போலீசுக்கு போன் போட்டா என்ன சொல்வீங்க?"

"நெப்டியூனுக்குன்னு சொல்றேன்."

பரிதா தையலுக்குத் திரும்பினார். பேசிப் புரியவைக்கிற கட்டத்தை மனிதர் தாண்டிவிட்டார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த சில மாதங்கள் தாம்பரத்தின் இரும்புக்கு நல்ல காலம். குழலுக்கு ஸ்டெயின்லெஸ் பைப். உடம்புக்கு இரும்புத் தகடு. பின்பக்கத்துக்கு ஒரு பழைய புல்லட் வண்டியின் சைலன்சர். செதில் தகடுகளை ஒவ்வொன்றாக வெட்டி, வளைத்து, ஒட்டி, பிடிக்காமல் பிய்த்து, மறுபடி ஒட்டினார். ஜன்னல் கம்பியில் வெல்டிங் பிசிறை அப்படியே விட்டுப் பெயின்ட் அடித்து மறைக்கிற அதே அயூப், இதில் ஒரு பிசிறுகூட இருக்கக்கூடாதென்று உட்கார்ந்து தேய்த்தார். முனையில் ஆட்டோக்களுக்குப் போடும் நீல விளக்கு. சத்தம் வேண்டுமே? விளையாட்டில் அது இடி மாதிரி முழங்கும். அயூபுக்குக் கிடைத்தது வேன்களில் ரிவர்ஸ் எடுக்கும்போது பாடும் ஹாரன். அதைப் பொருத்தினார். நெப்டியூன்வாசிகள் நடுங்குவதற்குப் பதில் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார்கள், இரண்டும் வெற்றிதானே.

இதற்கிடையில் சேலையூரிலிருந்து ஸ்ரீநிவாசராகவன் என்ற பேங்க் அதிகாரி வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். கட்டிக்கொண்டிருந்த புதுவீட்டுக்குக் கேட் சொல்லியிருந்தார்.

"பாய், கிரகப்பிரவேசம் வருது. கேட் ஃபிரேம்கூட வரலையே?"

"ஆயிடுச்சு சார், ஃபினிஷிங்தான் பாக்கி."

"அது என்ன, அந்த மூலையில பளபளன்னு?"

"அது வேற கஸ்டமர் சார். வெளியூரு."

ஒருவழியாக ஸோர்காட் முடிந்தது. கதாநாயகன் ஒற்றைக் கையில் சுழற்றிய அந்த ஆயுதத்தை அயூப் தூக்கிப் பார்த்தார். இடுப்பில் ஏதோ சொடுக்கென்றது. ஒரு கேஸ் சிலிண்டர் எடை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு பேராகத் தூக்கிப் பட்டறை வாசலில் நிறுத்தினார்கள். சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். "செம்மையா கீது பாய்!" என்றார்கள். யாரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டவில்லை. அயூப் அன்று சாப்பிட உள்ளே வரவே இல்லை. பரிதா தட்டை வாசலுக்கே கொண்டுவந்து தந்துவிட்டு, டி.வி.க்கு உறை தைத்ததில் மிஞ்சிய பூப்போட்ட துணியில் பீரங்கிக்கும் ஓர் உறை தைத்து மாட்டினார். கண் படும் என்றார். படக்கூடாத கண் எதுவென்று சொல்லவில்லை.

போன் போட்டது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மறுநாள் ஜீப் வந்தது. பூப்போட்ட உறையோடு ஆயுதத்தையும், பனியனோடு அயூபையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் பேர் கேட்டார்கள். சொன்னார். முழுப் பேர் கேட்டார்கள். அப்பா பேர் கேட்டார்கள். பிறகு மறுபடியும் பேர் கேட்டார்கள். பதில் மாறாதது அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது போலிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அயூபுக்கு நெற்றி வியர்த்தது. பரிதா சொன்னது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சுப்ரமணியன் மேஜை மேல் கிடந்த ஸோர்காட்டைச் சுற்றி வந்தார்.

"எந்த இயக்கம்?"

"இயக்கம் இல்ல சார். கேமு."

"யாருக்கு எதிரா?"

"நெப்டியூன்காரங்களுக்கு சார்."

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் தலைநிமிர்ந்தார். "நெப்டியூன்... எந்த மாவட்டத்துல வருது?"

இன்ஸ்பெக்டர் பீரங்கியின் விசையான குதிரையை அழுத்தினார். நீல விளக்கு எரிந்தது. வேன் ரிவர்ஸ் எடுக்கும் பாட்டு ஸ்டேஷன் முழுக்க ஒலித்தது. வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் பழக்க தோஷத்தில் ஓரமாக ஒதுங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீநிவாசராகவன் உள்ளே நுழைந்தார். பட்டறை பூட்டியிருப்பதைப் பார்த்து, பரிதாவிடம் விசாரித்துக்கொண்டு நேரே வந்திருந்தார். நீதிக்காக அல்ல, கேட்டுக்காக.

"சார், இவரை உள்ள வச்சுட்டா என் கேட்டை யார் முடிக்கறது?"

"இவர் மேல தீவிரவாதச் சந்தேகம் இருக்கு."

"இவர் மேலயா?" ஸ்ரீநிவாசராகவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "சொன்ன தேதியில ஒரு கேட்டை முடிக்கத் துப்பில்ல சார் இந்த மனுஷனுக்கு. இவர் எங்க போய்ச் சதி பண்ணப் போறார்? அப்படியே பண்ணினாலும் 'ஃபினிஷிங்தான் பாக்கி'ன்னு இழுத்தடிப்பார். கூட்டாளிங்களே வெறுத்துப்போய்ச் சரணடைஞ்சுடுவாங்க."

அயூபின் நன்னடத்தைக்கு அதைவிட உறுதியான சாட்சி யாரும் சொல்லியிருக்க முடியாது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

வேறு ஏதோ பஞ்சாயத்துக்காக அங்கே வந்திருந்த வட்டச் செயலாளர் ஜெயக்கொடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறொரு கவலை. அவர் கட்சியின் மாவட்டச் செயலாளர் தாம்பரத்துக்கு வருகிறார். வழக்கமாக மேடையில் வீரவாள் தருவார்கள். ஆனால் கட்சிக்காரர்கள் 'மாவட்டம்' என்றே குறிப்பிடும் அவர் வீட்டில் வாள்கள் ஏற்கெனவே விறகு மாதிரி அடுக்கிக் கிடந்தன.

"பாய்," என்றார் ஜெயக்கொடி, பளபளப்பைத் தடவிக்கொண்டே, "இத தலைவருக்குக் குடுத்துடலாம். வீரப் பீரங்கி. இன்ஸ்பெக்டர் சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்புவரை பயங்கர ஆயுதமாக இருந்தது நினைவுப் பரிசாக மாறிவிட்டது. அயூபுக்குக் கொடுக்க மனசில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்கிற இடம் அதுவல்ல.

"ஒண்ணே ஒண்ணு," என்றார். "தலைக்கு மேல தூக்க வேணாம்னு சொல்லுங்க. வெயிட்டு ஜாஸ்தி."

"தலைவரு எவ்ளோ வெயிட்டு தூக்கியிருக்காரு, உனக்கு இன்னா தெரியும்?" என்றார் ஜெயக்கொடி.

கூட்டத்தன்று அயூபும் பரிதாவும் கடைசி வரிசையில் நின்றார்கள். மேடையில் நான்கு பேர் சேர்ந்து பீரங்கியை மாவட்டத்தின் கைகளில் வைத்தார்கள். போட்டோகிராபர், "அண்ணா, மேல! இன்னும் மேல!" என்றார். மாவட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு தலைக்கு மேல் தூக்கினார். ஃபிளாஷ் அடித்தது. அதே நொடியில் அவர் விரல் குதிரையில் பட்டது. ரிவர்ஸ் பாட்டு மைக் வழியாக மைதானம் முழுக்க முழங்கியது. மேடைக்குப் பின்னாலிருந்து ஏதோ வண்டி ஏறி வருகிறது என்று நினைத்த நிர்வாகிகள் இரண்டு பக்கமும் குதித்தார்கள். உயிரைக் கொடுப்போம் என்று சற்றுமுன் முழங்கியவர்தான் முதலில் குதித்தது. தனியாக நின்ற மாவட்டத்தின் கைகள் தளர்ந்தன. பீரங்கி அவர் கால் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி இறங்கி, மேடைப் பலகையைத் துளைத்துக்கொண்டு நட்டுக்குத்தலாக நின்றது.

"கைப்பிடி?" என்று எட்டிப் பார்த்தார் அயூப். "கைப்பிடி நிக்குதா பாரு பரிதா!"

நின்றது. ஒரு வெல்டிங்கூட விடவில்லை.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. விழுந்தது வரவில்லை, தூக்கியது வந்தது. கீழே எழுதியிருந்ததைப் பரிதா உரக்கப் படித்தார்: "தாம்பரத்தில் நடைபெற்ற கூட்டத்தில் மாவட்டச் செயலாளருக்கு நவீன ஏர்க்கலப்பை நினைவுப் பரிசாக வழங்கப்பட்டது." படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஸ்டேஷன் பெஞ்சில்கூட உடையாத அயூப், இந்த ஒரு வரியில் உடைந்துபோனார். அன்று பட்டறையைத் திறக்கவே இல்லை.

சில வாரம் கழித்து மாவட்டத்தின் வீட்டிலிருந்து அழைப்பு. படப்பைக்குப் பக்கத்தில் பெரிய பங்களா. பீரங்கி நிற்கமாட்டேன் என்கிறது, ஒரு ஸ்டாண்ட் அடிக்க வேண்டுமாம். அயூப் வெல்டிங் மெஷினோடு போனார். கார் ஷெட்டில் சுவரோரம் ஸோர்காட் சாய்ந்திருந்தது. குழலில் வாட்ச்மேனின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

வாட்ச்மேன் கொஞ்சம் சங்கடப்பட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டார். பெரும்பாக்கத்துக்காரர்.

"தப்பா எடுத்துக்காத பாய். மெய்யாலுமே இது இன்னா? கலப்பைன்றாங்க. ஆனா எனக்குப் பாத்தா அப்டி தெரில."

அயூப் மெஷினைக் கீழே வைத்தார். நெப்டியூனில் ஆரம்பித்தார். எதிரிகள் எப்படி வந்தார்கள், கதாநாயகன் எந்தக் கோட்டையைக் காத்தான், அந்தச் செதில்கள் எதற்கு, வெளிச்சம் ஏன் நீலம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாட்ச்மேன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அப்பால?" என்றார். அயூப் மேலும் சொன்னார். "அப்பால?" என்றார் மறுபடியும்.

ஸ்டாண்ட் அடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கிளம்பும்போது அயூப் அந்தச் சட்டையை வாங்கி, ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, குழலில் திரும்ப விரித்துப் போட்டார்.