கொடுக்காமல் நின்ற பாதி

என் வேலை குடும்பங்களை எண்ணுவது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, அதன் தாய், தகப்பன் என மூவரின் எச்சில் மாதிரியும் எங்கள் ஆய்வுக்கு வேண்டும். ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடம் இரண்டு பிரதி, தகப்பனிடம் இரண்டு. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்றைத் தருகிறார்கள். மற்றொன்று அவர்களோடு நின்றுவிடுகிறது. பல குடும்பங்களைச் சேர்த்துப் பார்க்கையில், ஒரு வகைப் பிரதி மட்டும் பாதிக்கு மேற்பட்ட தடவை தரப்பட்டிருந்தால் அங்கே ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று கொள்வோம்.

இதை என் ராத்தாவிடம், கூடப் பிறந்த அக்காவிடம், சொன்னது நான்தான். அவள் மகனுக்கு ஆறு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் ஆட்களிடம் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து போவார். மச்சான் துபாயில் இருக்கிறார். பிள்ளை எங்கள் வீட்டில் பிறந்து எங்கள் வீட்டிலேயே வளர்கிறான். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ராத்தாவின் மாமியாருக்கு அதுவே போதுமாக இருந்தது. இது உங்க வீட்டுக் கோளாறு என்பார். அப்படியில்லை என்று அவர் முகத்துக்கு நேரே யாராவது சொல்ல வேண்டும், ராத்தாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு குடும்பத்தை மட்டும் வைத்து இந்தக் கணக்கு எதையும் சொல்லாது என்று விளக்கினேன். தலையாட்டினாள். தராமல் நின்ற பாதிகளைச் சேர்த்து இன்னொரு பிள்ளை போல வைத்துக்கொண்டு, அதோடுதான் இவனை ஒப்பிடுவோம் என்றும் சொன்னேன். அவள் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

"அந்தப் புள்ள பேசுமாடி?"

அப்படி ஒரு பிள்ளை கிடையாது, கணக்குக்காக வைப்பது என்றேன். மகனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

அவளும் மகனும் எச்சில் கொடுத்தார்கள். விடுமுறையில் வந்த மச்சானும் முதலில் சம்மதித்தார். பிறகு அவர் தாய் கூடாது என்று சொல்லிவிட, வெறும் குப்பியை எங்கள் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். தகப்பன் இல்லாத குடும்பத்தைச் சேர்த்தால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் எங்கள் ஆய்வில் அதை விட்டுவிடுவோம். எங்கள் வீட்டையும் விட்டுவிட்டோம்.

பெருநாளன்று ராத்தாவின் மாமியார் வந்தார்; எனக்கும் அவர் மாமிதான். வட்டிலப்பம் சாப்பிட்டு முடித்து, வாசலோரம் செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த பேரனைப் பார்த்துப் பழையதையே சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, அவன்கிட்ட பாதி உங்க மகனோடதுதானே?"

"இருக்கட்டும். கோளாறு எந்தப் பாதியில இருக்குன்னு பாத்தியா நீ?"

"நீங்கதான் பாக்க விடலியே."

"விட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

ராத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தெரிஞ்சிருக்காது மாமி" என்றேன்.

மாமி தட்டைக் கீழே வைத்தார். ராத்தா எழுந்துபோய், மகன் அடுக்கிய வரிசையிலிருந்து மாமியின் செருப்பை மட்டும் எடுத்துத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். வரிசையில் விழுந்த இடைவெளியைப் பார்த்து அவன் அலறத் தொடங்கினான்.