இறக்கம் பார்த்து நிறுத்திய கார்

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. மாரேட்பள்ளியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரிடம் பழைய கார் வாங்கினேன். இரண்டு கதவு, பால் நிறம்.

2. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. எனக்குச் சந்தேகமாக இருந்தது.

3. வாசலில் இடம் இருந்தும், தெருக்கோடி மேட்டில் ஏற்றி, மூக்கு கீழே பார்க்கும்படி நிறுத்தினேன்.

4. "ஏன், நம்ம வாசல் அதுக்குப் பிடிக்கலையா?" என்றார் என் கணவர்.

அவருக்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு தாமதமாகும். உங்களுக்குச் சொல்கிறேன்.

கதவைத் திறந்தபோதே அந்த வாசனை வந்தது. வெயிலில் காய்ந்த ரெக்ஸின், கொஞ்சம் பெட்ரோல். என் முதல் காரிலும் இதே வாசனைதான். அதுவும் இதே வகை, இலைப்பச்சை நிறம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை இன்ஜினியர். எங்களுக்கு இரும்பு வார்ப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகளுக்குப் போய், நல்லதற்கு முத்திரை குத்தி, மற்றதை ஒதுக்குவது வேலை.

பரிசோதிக்க வருபவரை அழைத்துப் போக பட்டறை முதலாளிகளே கார் அனுப்புவது வழக்கம். திரும்புவதும் அதே காரில்தான், பக்கத்தில் முதலாளியோடு. முதல் முறை முப்பது வார்ப்புகளை ஒதுக்கிவிட்டு அப்படித் திரும்பினேன். வழி முழுக்க அவர் பேசவே இல்லை. அடுத்த முறை நான் ஒதுக்கியது பதினொன்று. வார்ப்புகள் ஒன்றும் மேம்பட்டிருக்கவில்லை. அதைக் கவனித்த அன்றுதான் சொந்தக் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, டயரை உதைத்துப் பார்த்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நடு ரோட்ல நின்னுக்கினு நாலு பேரைக் கூப்ட்டுத் தள்ளச் சொல்றதெல்லாம் நக்கோ பாப்பா, வேணாம். கூப்ட்டேன்னு தெரிஞ்சுது, அடுத்த வாரமே வண்டிய வித்துடுவேன்."

கூடவே ஒரு நோட்டும் தந்தார். எங்கே போனேன், எத்தனை கிலோமீட்டர், என்ன கோளாறு, எல்லாம் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. ஞாயிறு காலை படித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போடுவார், ஏதோ ரயில் இன்ஜினுக்குப் போடுவதுபோல.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கார் நினைத்தால்தான் கிளம்பும். பேட்டரியை மாற்றவில்லையா என்பீர்கள். மாற்றினேன். டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. டைனமோவைச் சரிசெய்தேன், ஸ்டார்ட்டர் படுத்துக்கொண்டது. ஆனால் இறக்கத்தில் உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் ஒரு குலுக்கலோடு உயிர் வந்துவிடும். நம் ஊரில் பாறைக்கும் மேட்டுக்குமா பஞ்சம்? நோட்டின் பின்பக்கத்தில் இறக்கங்களின் பட்டியல் ஒன்று தயாரித்தேன். சீதாபல்மண்டிப் பாலச் சரிவு, முதல் தரம். தார்நாக்கா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரண்டாம் தரம், எருமைகள் குறுக்கே வரும். பல் டாக்டரைக்கூட மாற்றினேன். பழையவர் கெட்டிக்காரர்தான், ஆனால் சமதளத்தில் இருந்தார்.

மல்லாபூரில் ஒரு வார்ப்படப் பட்டறை. அச்சு மணலில் வெல்லப்பாகு கலப்பார்கள். உள்ளே நுழைந்தால் கருகிய பாயச வாசனை. அந்தப் பக்கம் முழுக்கச் சமதளம். லாரியில் சரக்கேற்றும் மேடை ஒன்றுதான் சரிவு, என் பட்டியலில் மூன்றாம் தரம். ஒரு நாள் நான் போனபோது அதில் லாரி நின்றது. கீழேதான் நிறுத்த வேண்டியிருந்தது.

அன்று நாற்பது வார்ப்புகளை ஒதுக்கினேன். வெளியே வந்து சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல், அவ்வளவுதான். முதலாளி பின்னாலேயே வந்தார்.

"எதுக்கு மேடம் கஷ்டம், நம்ம வண்டியில போயிடலாம். வழியில அந்த நாப்பதைப் பத்தியும் பேசிக்கலாம்."

ஏறினால் நான் கார் வாங்கியதற்கே அர்த்தமில்லை. தள்ள ஆளைக் கூப்பிட்டால் கார் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுபடி திருப்பினேன். முனகல்கூட வரவில்லை.

அப்போது மணல் படிந்த கைகளோடு ஐந்து பேர் வெளியே வந்தார்கள். நான் ஒதுக்கிய வார்ப்புகளுக்கு அச்செடுத்தவர்கள். முன்னால் வந்தவர் யாதகிரி. காரைத் தட்டிப் பார்த்தார், விரிசல் இருக்கிறதா என்று நான் வார்ப்பைத் தட்டுவதுபோலவே.

"மேடம், இஸ்கூ பீ ரிஜெக்ட் மார்தோ," என்றார். இதையும் ஒதுக்கிவிடச் சொல்கிறார். மற்ற நால்வரும் சிரித்துக்கொண்டே பின்னால் போய்க் கை வைத்தார்கள். முதலாளி லாரிக்காரரிடம் பேசப் போய்விட்டார். கேட்டைத் தாண்டுவதற்குள் கார் கிளம்பியது.

நோட்டில் எழுதினேன்: "மல்லாபூர். சமதளம். தள்ளினார்கள், ஐந்து பேர்." எழுதாமல் விட்டிருக்கலாம் என்று சனி இரவுவரை தோன்றிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை அப்பா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கூப்ட்டியா?"

"இல்லப்பா. அவங்களா வந்தாங்க."

"சரக்க ரிஜெக்ட் பண்ணதுக்கப்புறமா?"

"ஆமா. நாப்பது."

நோட்டை ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். நான் காரைத் துடைத்துவைக்க வேண்டுமா, வாங்குபவர் எத்தனை மணிக்கு வருவார் என்றெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

"எந்த கியர்ல விட்ட?"

"ரெண்டாவது."

"சரிதான்," என்று கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு அந்தக் கார் மூன்று வருடம் ஓடியது. கல்யாணமாகித் திருச்சிக்குப் போனபோதுதான் விற்றேன். திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் பாதி இல்லை. பாறைகளை வெடி வைத்துத் தகர்த்துச் சாலையை மட்டமாக்கிவிட்டார்கள். மல்லாபூர்ப் பட்டறை இப்போது சிமெண்ட் மூட்டைக் கிடங்கு. யாதகிரி எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இந்தப் பால் நிறக் காருக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஞாயிறு காலை நான் படிக்க, அவர் கேட்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டுகிறேன். நேற்றுவரை இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டர், கோளாறு ஏதும் இல்லை.