வெயிலில் போய் உட்கார்ந்தேன்

எழுபத்தெட்டாம் வருஷ வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போனேன். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எதிரே இருந்த மலையில் ஏறினேன். அப்போது தோல் பதனிடும் ஷாப்பில், பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடும் வேலை எனக்கு. எந்த சோப்புக்கும் அந்த வாடை போகாது. பஸ்ஸில் யாராவது மூக்கைப் பொத்துவதற்குள் நானே எழுந்து நின்றுவிடுவேன்.

பாதி மலையில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தேன். கீழே கோட்டை, அகழி, ஊரைத் தாண்டிப் பச்சை வயல்கள். புல்லுக்கட்டோடு வந்த ஒரு விவசாயி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல் நான் நகர்ந்து, வெயிலில் போய் உட்கார்ந்தேன்.

அவர் முகம் வாடிவிட்டது.

"காலைலருந்து எரு அள்ளிட்டு அப்படியே வந்துட்டேண்ணே. வாடை ஜாஸ்தியா அடிக்குதா?" என்று எழுந்துகொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"ஐயோ, அது இல்லண்ணே. நான் தோல் ஷாப்புல இருக்கேன். என் வாடை உங்களுக்கு ஆவாதுன்னுதான் நகர்ந்தேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"எனக்கும்தான்."

இருவரும் சிரித்துவிட்டோம். அவர் மடியிலிருந்த வேர்க்கடலையை உரித்துத் தின்றபடி, ஒரே நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்தவருக்கு மரியாதை என்று நினைத்து நான் நகர்ந்தபோதெல்லாம், எத்தனை பேர் மனம் புண்பட்டதோ. அன்று ஆம்பூர் திரும்பும் பஸ்ஸில் நான் எழுந்திருக்கவில்லை.