இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்

சில வருடங்களுக்கு முன், ஜூலை மாத மழையில், மும்பையில் செம்பூர்ப் பக்கம் ஒரு குன்றின் அடிவாரத்தில் நடந்தது இது. என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

நான் மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்தவன். சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் ஒரு தமிழ்ச் செய்திச் சேனலுக்கு மும்பை நிருபர். ஆரம்பத்தில் என்னோடு ஒரு கேமராமேன் இருந்தார், ஒரு வண்டியும் டிரைவரும் இருந்தார்கள். எடுத்ததை அனுப்பினால், சென்னையில் வெட்டி ஒட்டி மாலைச் செய்தியில் போடுவார்கள். பிறகு எல்லாம் மாறியது. வண்டி போனது, டிரைவர் போனார், கேமராமேனும் போனார். ஒரு ஃபோன், ஒரு ஸ்டாண்ட், ஒரு மைக், காதில் இயர்ஃபோன், அவ்வளவுதான். பொத்தானை அமுக்கினால் நான் காட்டுவது அந்த நிமிடமே சென்னையில் தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே என் காதுக்குள் உத்தரவு போடுவார்கள். மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. மைக்கோடு நடந்தால் கேம்பில் வழிவிடுவார்கள். மரியாதை எனக்கில்லை, மைக்கில் மாட்டியிருக்கும் சேனல் லோகோ டப்பாவுக்குத்தான் என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த டப்பா மாறிய நாள் அது. சேனலுக்குப் புது லோகோ, புது நிறம், புது இசை. அன்று காலையிலிருந்து பழைய லோகோ ஒரு நொடிகூடத் திரையில் தெரியக் கூடாது என்று ஒரு வாரமாக மெசேஜ் மேல் மெசேஜ். புது லோகோ டப்பா கூரியரில் வந்து, பிரிக்காமல் என் பையிலேயே கிடந்தது.

காலை ஏழு மணிக்குத் தகவல் வந்தது. தடுப்புச் சுவர் சரிந்து ஐந்தாறு வீடுகள் மேல் விழுந்துவிட்டது. பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். மழை கொட்டுகிறது. தீயணைப்புக்காரர்கள் கையாலும் கடப்பாரையாலும் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி எதுவும் உள்ளே வர முடியாத சந்து.

நான் ஃபோனில் தமிழ் பேசியதைக் கேட்டு ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். நைட்டி மேல் ஒரு துண்டு, தலையெல்லாம் சேறு. கல்யாணமாகி மூன்று மாதத்துக்கு முன்னால்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அக்கம்பக்கத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனதால் தப்பியிருக்கிறாள். புருஷன் உள்ளே. அவள் தீயணைப்புக்காரர்களிடம் கத்திக் கத்திப் பார்த்திருக்கிறாள். அழுகிறாள் என்று நினைத்து அவர்கள் அவளை ஓரமாகத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள்.

அவளைத் திரையில் கொண்டுவர வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மறைக்க என்ன இருக்கிறது, என் பிழைப்பு அது. ஸ்டாண்டை ஊன்றி, மைக்கை அவள் முன்னால் நீட்டினேன். அவள் மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தாள். அதே நொடியில் என் காதுக்குள் சென்னை கத்தியது: பழைய லோகோ தெரிகிறது, மைக்கை இறக்கு, ஃப்ரேமை விட்டு வெளியே கொண்டுபோ. நான் மைக்கை இறக்கினேன், திருப்பினேன், டப்பாவைக் கையால் மூடினேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியிருப்பாள். சென்னை இணைப்பைத் துண்டித்துவிட்டது. லோகோவை மாற்றிவிட்டு வா என்று உத்தரவு.

சொல்லிவிட்டோம் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு ஓரமாகப் போய் நின்றாள். அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை.

நான் ஒரு கடையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கி, பழைய டப்பாவைக் கழற்றி, புதியதை மாட்டினேன். அது மைக்கில் சரியாக உட்காரவில்லை, பேப்பரை மடித்துச் செருகினேன். மழைத்துளி பட்டிருந்ததைக் கைக்குட்டையால் துடைத்தேன். அப்புறம் சிக்னல் இல்லை. சிக்னல் வந்தபோது சென்னையில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் கூடிவந்ததும், அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"அம்மா, முதல்லருந்து இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

அவள் என்னையும் இடிபாட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதான் அப்பமே சொன்னேம்லாண்ணே. அவிய கட்டில்ல இல்ல, பின்னால குளிக்கப் போனாவ. நீங்க அவங்ககிட்ட சொல்லலியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐரோலியில் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற மனிதர், வந்ததும் தூங்கிவிடுவார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னதை நம்பி, தீயணைப்புக்காரர்கள் முன்பக்கம் கட்டில் இருந்த இடத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவரோ வீட்டுக்குப் பின்னால் தகரம் அடைத்த மறைப்பில் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அவள் பேச்சுப் புரிந்த ஒரே ஆள் நான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தச் செவிடன் நான்தான்.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். தீயணைப்பு அதிகாரியிடம் மராத்தியில் சொன்னேன். அவர் எதிர்க்கேள்வி எதுவும் கேட்கவில்லை, பாதிப் பேரை உடனே பின்பக்கம் திருப்பினார். ஒரு மணி நேரம் போல ஆனது. தண்ணீர் டிரம் ஒன்று கான்கிரீட் பலகையைத் தாங்கியிருந்ததால் தலையும் மார்பும் தப்பியிருந்தன. கால்தான் அடியில். உயிரோடு வெளியே எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சேனலில் அன்று முழுக்க அதுதான். எங்கள் நிருபரால் உயிர் பிழைத்த தொழிலாளி என்று, மூலையில் புது லோகோ பளபளக்க, திரும்பத் திரும்பப் போட்டார்கள். புதிய தோற்றம், அதே மக்கள் பணி என்று அதை வைத்தே ஒரு விளம்பரமும் செய்தார்கள். தாராவியிலிருந்து சொந்தக்காரர்கள் ஃபோன் செய்து பாராட்டினார்கள். கேம்பில் ஒரு பெரியவர் மாலை போட்டார். கழுத்தை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். எனக்கு அதுகூடத் தாங்கவில்லை. நான்காம் நாள் ஃபோனில் தானாகச் சேமிப்பாகியிருந்த முதல் பதிவைப் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் மழைச் சத்தத்தையும் மீறித் தெளிவாகக் கேட்டது. எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம், எத்தனை அடி தூரம், எல்லாம். நடுநடுவே "ம்... ம்..." என்று என் குரல். இரண்டு பதிவுக்கும் இடையில் இருபத்தைந்து நிமிடம். மனைவியிடம் கொடுத்தேன். கேட்டு முடித்து, ஃபோனைத் திருப்பிக் கொடுத்தவள் ஒன்றும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அந்தப் பெண் என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். நான் உட்காரவில்லை. முதல் தடவை நீ சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை அம்மா, நான் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். 

அவள் கொஞ்ச நேரம் போர்வையைச் சரி செய்தாள்.

"எனக்குத் தெரியும்ணே. நீங்க அப்பம் என் மூஞ்சியவே பாக்கல. அவியகிட்ட இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லாண்டாம். உங்களத்தான் சாமின்னு சொல்லிக்கிட்டு கெடக்காவ. அதுலதான் கொஞ்சம் சோறு எறங்குது."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர்கள் ஆறு மாதத்தில் ஊருக்கே போய்விட்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அவர் ஃபோன் செய்து, உங்களால்தான் இருக்கேன் அண்ணாச்சி என்பார். நல்லாருங்க என்பேன். அவரை முன்பே வெளியே எடுத்திருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்குமா என்று அன்று வார்டில் இருந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கும் தைரியம் எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை, அந்த இருபத்தைந்து நிமிடத்தின் விலை என்னவென்று தெரியாமலேதான் நான் அவருடைய நன்றியை ஒவ்வொரு வருடமும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.