பூனைப்பருந்து பார்க்கப் போன சனிக்கிழமை

புரட்டாசி முடியும்போது வடக்கேயிருந்து பூனைப்பருந்துகள் எங்கள் கரிசல் காட்டுக்கு வந்துவிடும். பகலெல்லாம் தனித்தனியாகத் திரிந்துவிட்டு, பொழுது சாயும்போது தரிசு நிலத்தில் கூட்டமாக இறங்கி அடையும். அதைப் பார்ப்பதற்காக, திருத்தங்கல் அச்சகத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தாயில்பட்டிப் பக்கம் போனேன்.

பறவைகள் மிரளக் கூடாதென்று காக்கிச் சட்டை, தொப்பி. கையில் பைனாகுலர், நோட்டு. எதிரே இருந்த பட்டாசுக் கம்பெனிக்கு மேல் ஒரு பருந்து வட்டமடித்தது. ரோட்டோரம் நின்று அரைமணி நேரம் அங்கேயே பார்த்து, நோட்டில் எழுதினேன். பிறகு தரிசின் நடுவே இருந்த கருவேல மரங்களுக்குள் போய், தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் குனிந்தபடி ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பட்டாசு மருந்து ஒட்டி விரலெல்லாம் வெள்ளி நிறம். தரிசில் மேய்ந்த வாலாட்டிக் குருவிகள் மொத்தமாகப் பறந்துவிட்டன. எனக்கு எரிச்சலாக வந்தது.

"நீங்களும் ஆபீசருக்குப் பயந்துதான் உக்காந்திருக்கீகளா?" என்று ஒருத்தி கேட்டாள்.

எந்த ஆபீசர் என்றேன். ரோட்டில் நின்று பைனாகுலரில் கம்பெனியைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாராம். மடியிலிருந்த பைனாகுலரைத் துண்டால் மூடினேன்.

கம்பெனியில் இவர்களை மரத்தடியில் உட்காரவைத்தும் பட்டாசு செய்யச் சொல்வார்கள்; அது சட்டப்படி தப்பு. சோதனைக்கு ஆபீசர் வந்தால் ஃபோர்மேன் கேட்டைப் பூட்டிச் சாவியோடு பைக்கில் போய்விடுவார், செல்போனையும் அணைத்துவிடுவார். அதுதான் அந்தக் கம்பெனி வழக்கம். இன்று லோடு முடிந்தால் நாளை லீவு, முடியாவிட்டால் நாளையும் வேலை என்று அவளே சொன்னாள். மகள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாளாம்.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமதான் பிள்ளையப் பாக்க விடுவாக. அது நாளைக்குத்தான்."

துண்டை எடுத்தேன். அந்த ஆபீசர் நான்தான், பருந்து பார்க்க வந்தேன் என்று சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒருத்தி ஃபோர்மேனுக்குப் போன் போட்டுப் பார்த்தாள், போகவில்லை. ஹாஸ்டல் பிள்ளையின் அம்மா கையை நீட்டினாள்.

"அதக் கொஞ்சம் குடுங்கண்ணே."

எப்படிப் பார்ப்பதென்று சொல்லிக்கொடுத்து, பருந்து வரும் திசையைக் காட்டினேன். அவள் அதை ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

"ஃபோர்மேன் வண்டி செகப்பு" என்றாள்.

பருந்துகள் எங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக இறங்கின. வெறும் கண்ணால் பதினொன்று எண்ணினேன். இருட்டும்வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைனாகுலரைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.